குழந்தைகளுக்குப் புதிய ஜாதகம்

பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்துக்கொண்டு போய் ஜாதகம் கணித்து வரும் மடமையைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியும் பேசியும் வந்திருக்கின்றோம். அதற்கு இப்போது ஒரு தம்பி பிறந்திருக்கின்றான். நாலு வயதுக் குழந்தையை உட்கார வைத்து, சில படங்களைக் காட்டி, சில கட்டைகளை அடுக்கச் சொல்லி, "இதன் புத்தி 128" என்று ஒரு கடுதாசி எழுதிக் கொடுப்பதும், 130 வரவில்லையே என்று பெற்றோர்கள் சோறு இறங்காமல் தவிப்பதும் படித்தவர் வீடுகளில் நாகரிகமாகி வருகின்றது.

ஜாதகம் புளுகு, இது சயன்சு அல்லவா என்று சில தோழர்கள் கேட்கலாம். நல்லது. சயன்சு என்றால் அதைக் கண்டவர் என்ன சொன்னார் என்று பார்ப்போம். இப்பரீட்சையை 1905ல் பாரிசில் உண்டாக்கியவர் ஆல்பிரட் பினே என்பவர். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி உதவி செய்ய வேண்டுமானால் அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அதைச் செய்தார். புத்தி என்பது கூட்டவோ குறைக்கவோ முடியாத அளவு என்று சொன்னவர்களை அவர் 1909லேயே கண்டித்தார். 1911ல் அவர் இறந்து போனார். அதன் பிறகு அவரது அளவுகோலை அமெரிக்காவுக்கு ஏற்றபடி திருத்தி 1916ல் வெளியிட்ட டெர்மன் என்பவரோ, மெக்சிக்கோ வம்சத்தாருக்கும் கறுப்பர்களுக்கும் மந்த புத்தி பிறவியிலேயே வந்தது போலத் தோன்றுவதாக எழுதி வைத்தார். நமது நாட்டு மனுதர்மக்காரர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன வேண்டும்? இதே டெர்மன் 1921 முதல் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைச் சோதித்து மேதைகளைப் பொறுக்கினார். அவர் சோதித்துப் போதாது என்று தள்ளிய பையன்களில் ஷாக்லி, ஆல்வரஸ் என்ற இருவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். பொறுக்கியெடுத்த கூட்டத்தில் அப்பரிசு பெற்றவர் ஒருவருமில்லை!

இனி அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். அது பரீட்சை மார்க்கு அல்ல. அதே வயதுக் குழந்தைகளின் வரிசையில் இக்குழந்தை அன்றைக்கு எங்கே நின்றது என்பதே அது. 100 என்பது நடு. 130க்கு மேலே வருவது நூற்றுக்கு இரண்டு பேர்தான். சரியான முறையில் நடத்தினாலும் நாலைந்து புள்ளி இப்படியும் அப்படியும் போகும். ஆகவே 128க்கும் 130க்கும் வித்தியாசம் என்பது தராசு முள் ஆடியதேயன்றி வேறல்ல. குழந்தை தூங்கவில்லை, சளி பிடித்திருந்தது, புது மனிதரைக் கண்டு பயந்தது என்றாலும் எண் இறங்கும். பழைய கணக்குப்படி பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஐந்து வயதுக்காரன் செய்வதை நாலு வயதுப் பிள்ளை செய்து விட்டால் 125; பதினொரு வயதுக்காரன் செய்வதைப் பத்து வயதுப் பிள்ளை செய்தால் 110தான். முந்தியது இரண்டு பேரும் ஒரே வருஷம்தான்! இக்காலத்தில் கணக்கை மாற்றிவிட்டார்கள் என்றாலும், சிறு வயதில் சில மாதப் பழக்கமே பெரிய எண்ணாகத் தெரியும் என்பது மாறவில்லை. நாலு வயதில் எடுத்த எண் பத்து வயதில் நிற்கும் என்பது நிச்சயமுமில்லை.

காஞ்சிபுரத்துக் குழித்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் பிணைகின்ற இடத்தில் மறுபக்கத்திலிருந்து நாடா வீச ஒரு துணை ஆள் வேண்டும். அந்தத் துணை ஆள் நெடுங்காலமாய்ப் பெரும்பாலும் ஒரு குழந்தையாகவே இருந்து வந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பட்டுத் தறிகளில் கட்டுண்டு கிடந்த குழந்தைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வூரின் பெயரும் இருக்கின்றது. இழை தவறாமல் எண்ணத் தெரிந்த அந்தப் பிள்ளையை, அவன் வீட்டில் இல்லாத புஸ்தகத்தையும் பொம்மையையும் வைத்துச் சோதித்தால் மந்தம் என்றுதான் வரும். கோவில் மாட வீதியில் மூன்று வயதிலிருந்து மனப்பாடம் பழகிய குழந்தைக்கு மேதை என்று வரும். இதில் அளக்கப்பட்டது குழந்தையா, வீடா? காமத் என்பவர் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக இப்பரீட்சையைத் தனியே திருத்தி 1940ல் புஸ்தகம் போட்டதும் சும்மாவல்ல. ஒரு தேசத்துக் கேள்வி இன்னொரு தேசத்துப் பிள்ளைக்குப் பொருந்தாது என்பதால்தான்.

இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் 1909ல் பிறந்த அண்ணாதுரை, கஷ்டத்தினால் படிப்பை நிறுத்தி நகரசபையில் குமாஸ்தாவாயிருந்துவிட்டுப் பிறகுதான் எம்.ஏ. படித்தார். நாலு வயதில் யாரும் அவருக்கு எண் போடவில்லை. போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் ஊகம் செய்யப் போவதில்லை.

1925ல் இதே காஞ்சிபுரம் மகாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுக்க மறுத்தபோதுதான் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அன்று முதல் நம் காதில் விழுவது "தகுதி, திறமை" என்ற பாட்டுத்தான். 1953ல் ராஜாஜியார் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நாள், அப்பன் தொழில் அரை நாள் என்றார். 1954ல் காமராசர் அதை ஒழித்தார். அப்பன் தொழிலைக் காட்டிப் பிரிக்க முடியாமற் போனால் எண்ணைக் காட்டிப் பிரிக்கலாம் அல்லவா? செல்வம் கொழிக்கும் நியூயார்க்கிலேயே, நாலு வயதுப் பிள்ளைகளைச் சோதித்து மேதை வகுப்புக்கு எடுத்ததில் பணம் கொடுத்துப் பயிற்சி வைத்தவர்களே முந்துகிறார்கள் என்று சண்டை மூண்டு, 2021ல் அப்பரீட்சை நின்று போயிற்று.

பரீட்சையே கூடாது என்பது நம் கட்சியல்ல. காது கேளாத, எழுத்துப் பிடிபடாத பிள்ளையைக் கண்டறிந்து உதவ அது பயன்படுமானால் தாராளமாய் நடத்தட்டும். ஆனால் கடுதாசி கொடுப்பவரிடம் பெற்றோர்கள் கேட்க வேண்டும்: எந்தப் பாஷையில் கேட்டீர்கள், எந்தத் தேசத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டீர்கள், மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பரீட்சை வைத்துப் பொறுக்குவது 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம்; முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரையிலும், பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. அப்படி எந்தப் பள்ளியாவது செய்தால் தோழர்கள் வாய் மூடி வீட்டுக்குத் திரும்பாமல், கல்வி அதிகாரிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டுகின்றோம்.