குஞ்சு காக்கும் விராலுக்குப் பரிசு கிடையாது

ஐப்பசி மழையில் ஏரி பாதி நிறைந்ததும், கரையோரக் கோரைப் புல்லுக்கிடையே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தளதளவென்று கொதிப்பது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் காற்றுக் குடிக்க மேலே வருவதும் முங்குவதுமாக இருக்கும். அவற்றுக்குச் சற்றுக் கீழே தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்தின் நடுவே ரப்பர் தவளையை வீசினால் பெரிய மீன் பாயாமல் இருக்காது. பசியில் பாய்வதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது. பெரிய விரால் வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. காவல் போன குஞ்சுகள் அடுத்த சில நாளில் மற்ற மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் தீனி. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டார ஏரிகளில் தூண்டில் போட்டி வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வைக்கலாம் என்பேன். ஆனால் விதிகளை இந்தக் காட்சியிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘வால்ஐ’ என்றொரு மீன் உண்டு. விராலைப் போலவே வேட்டையாடும் மீன், விராலைப் போலவே நல்ல ருசி. மின்னசோட்டா மாநிலம் 1965-இல் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அங்கே கோடைக்காலத்தில் ஊருக்கு ஊர் வால்ஐ லீக் நடக்கும். இரண்டு பேர் ஓர் அணி, பிடித்ததை எடை போட்டுப் புள்ளி. நம் பக்கம் அந்த இடம் விராலுக்குத்தான். அதே மீன் தெலங்கானாவின் மாநில மீனும்கூட, தெலுங்கில் கொர்ரமீனு. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியில் இரண்டு பெயருமே செல்லும். ஆனால் வால்ஐ லீக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடாதது அந்தத் தராசு. 2022 செப்டம்பரில் ஈரி ஏரிப் போட்டியொன்றில், கிளீவ்லாந்து நகரில், முதலிடத்துக்கு வந்த மீன்களின் எடையில் நடத்துநருக்குச் சந்தேகம் வந்தது. எல்லோர் முன்னாலும் வயிற்றைக் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள்! பிடித்த இருவரும் மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறைக்குப் போனார்கள், படகும் பறிபோனது. எடைக்குப் பரிசு என்றால் மீன் கரைக்கு வந்தாக வேண்டும். பெரும்பாலும் செத்துத்தான் வரும். நீளத்துக்குப் பரிசு என்றால் ஓர் அளவுப் பலகையும் ஒரு செல்போன் படமும் போதும். மீன் ஒரு நிமிடத்தில் தண்ணீருக்குத் திரும்பிவிடும். ஈயத்தை விழுங்க வைத்தால் நீளம் கூடாது.

இந்தப் போட்டியால் ஏரிக்கு என்ன லாபம் என்பதுதான் முக்கியமான கேள்வி. நம் ஏரிகளில் மீனுக்கு உள்ள ஒரே கணக்கு மீன்பாசி ஏலத் தொகை. ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக்குக் குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகிறார்; தண்ணீர் வற்றுவதற்குள் எல்லாவற்றையும் வாரிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த ஆண்டு ஏலம் யாருக்குப் போகும் என்று தெரியாதவர் எதற்காகத் தாய் மீனை விட்டுவைக்க வேண்டும்? விரால், குறவை, கெளுத்தி, உளுவை என்று தானாக வளர்ந்த நாட்டு மீன் எத்தனை இருந்தது, எத்தனை போனது என்பதற்கு எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. தூண்டில்காரர்களின் ஏடு என்ன செய்யும் என்பதற்குக் காவிரியே சாட்சி. கர்நாடகத்தின் காலிபோரே முகாமில் பிடித்த கெண்டையை அளந்து எழுதிவிட்டு ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரையான அந்தப் பதிவேடுகளை ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் எடுத்துப் பார்த்தார்கள். மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் கூடியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம். காவிரிக்கே உரிய கூன்முதுகுக் கெண்டை கண்ணுக்கெதிரே குறைந்துகொண்டே போயிருக்கிறது. 2018-இல்தான் அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்தது. அதே ஆண்டே அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் இல்லையென்றால் அந்தச் சரிவு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. பத்து ஏரிகளில் ஒரு பருவம் முழுக்க நடக்கும் போட்டி, தன்னை அறியாமலே அப்படியொரு கணக்கெடுப்பாகிவிடும்.

கோயில் ஊரில் இது தேவையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். முன்னூற்று அறுபத்தைந்து படி ஏறி முருகனைக் கும்பிட வரும் ஊரில், குளத்து மீனுக்குப் பொரி போடும் கை தூண்டில் போடலாமா என்பது அவர்கள் வருத்தம். சரவணப் பொய்கை பக்கமே யாரும் போக வேண்டாம்; அதில் பேச்சுக்கே இடமில்லை. ஏரி மீனின் கதை வேறு. அது ஏற்கெனவே வலைக்கென்று ஏலம் போனது. ஆனாலும் இந்த வாதத்தின் கூர்மையான பக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: சாப்பிடப் பிடிப்பது ஒன்று, விளையாட்டுக்காக வாயைக் குத்திவிட்டு விடுவது இன்னொன்று. வலி இல்லை என்று நான் வாதாட மாட்டேன். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் காயம் குறையும். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் விரால் அளவுப் பலகையில் கிடக்கும் அந்தச் சில நொடியைத் தாங்கும். ஆனால் தொண்டைக்குள் கொக்கி போனது பிழைப்பது கடினம். ஆகவே ஆளுக்கு இத்தனை மீன்தான் என்று வரம்பு வைத்தாக வேண்டும். வரம்பு நமக்குப் புதிதல்ல, நீலகிரியில் வேட்டைக்கும் மீனுக்கும் கட்டுப்பாடு போட 1879-இலேயே சட்டம் வந்தது. கடலில் 61 நாள் தடைக்காலம் இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏரி விராலுக்கு அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது.

மதுரை, சிவகங்கைப் பக்கம் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைக் காட்டி, பரிசும் பணமும் இல்லாத அதுவே நம் மரபு, லீக் எல்லாம் எதற்கு என்றும் கேட்கலாம். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கி, கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வைக்கும் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வற்றப்போகும் கண்மாயின் கடைசி நாள். தண்ணீர் நிற்கும் மாதங்களில் மீனுக்கு யார் காவல் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. இதைவிட நியாயமான கேள்வி குத்தகைதாரருடையதும் இருளருடையதும். பணம் கட்டி ஏலம் எடுத்தவரின் ஏரியில் வெளியூர்க்காரர் வந்து ஏன் தூண்டில் போட வேண்டும்? கையாலேயே மீன் தடவிப் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களை ‘போட்டி நாள்’ என்று கரையிலிருந்து விரட்டவா? நுழைவுக் கட்டணத்தில் பாதி குத்தகைதாரருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் முதல் சண்டை தீரும். இரண்டாவதற்கு, எந்தக் கோரையில் குஞ்சு இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பதால், நடுவர் வேலையைக் கூலி கொடுத்து அவர்களிடம் ஒப்படைக்கலாம். குஞ்சு இருக்கிறது என்று நடுவர் கை காட்டிய இடத்தில் வீசிய அணிக்கு அன்றைய புள்ளி மொத்தமும் பூஜ்யம்.

பிடித்ததெல்லாம் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும் என்பதும் இல்லை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, பெருகிப் பெருகி ஏரிகளை நிறைத்துவிட்டது. வளர்க்கவே தடை உள்ள ஆப்பிரிக்கன் கெளுத்தி, பண்ணைகளிலிருந்து தப்பி வந்து கண்டதையெல்லாம் தின்கிறது. இந்த இரண்டுக்கும் தனிப் புள்ளி கொடுத்து, கரையிலேயே அடுப்பு மூட்டிவிடலாம். எடை போட ஆசைப்படுபவர்கள் அங்கே தராசை வைத்துக்கொள்ளட்டும். மற்றபடி இதற்கு அரசு ஆணை, அரங்கம், கோப்பை எதுவும் வேண்டாம். அடுத்த பசலிக்கான ஏல நிபந்தனையில் இரண்டு வரி சேர்ந்தால் போதும்: போட்டியில் அளந்த நாட்டு மீன் ஏரிக்கே திரும்பும், ஐப்பசி, கார்த்திகையில் விராலுக்கு வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை.