சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைக்கு

பாடத்தில் சந்தேகம் கேட்டு வருகிற பிள்ளைக்கு முழு விடையையும் எழுதிக் கொடுத்து அனுப்புவது உதவி ஆகாது என்பது என் கட்சி. "போய் நீயே போட்டுப் பார்" என்று விரட்டுவதும் உதவி ஆகாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கொஞ்ச நேரமும் ஒரு சிலேட்டும் போதும், பெரிய படிப்புகூட வேண்டாம். நம் வயதுக்காரர்களால் முடியும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளைகளில் பலர் கல்லூரிக்குப் போய் இயற்பியலோ இன்ஜினீயரிங்கோ எடுத்ததும் முழிக்கிறார்கள். காரியாபட்டியிலிருந்து மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் காலை பஸ்ஸில் போகிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எது பயமாக இருக்கிறது என்றால் வெக்டர் கால்குலஸ் என்பார்கள். அதுவரை வெக்டர் என்றால் ஒரு விசை, ஒரு அம்புக்குறி, முடிந்தது. இப்போது இடத்துக்கு இடம் ஓர் அம்பு, நீளமும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் என்று மூன்று புதுப் பெயர்கள் வேறு. மின்புலம், மின்பாயம் என்று தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு ஒரே கோடை விடுமுறையில் மொழியும் மாறுகிறது, கணக்கும் மாறுகிறது. புரியாதது மொழியா கணக்கா என்று அதற்கே பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. ஆகவே கேட்பதும் இல்லை. கைப்பேசியில் கேள்வியைப் படம் பிடித்தால் விடை வருகிறது, அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அப்படி எழுதிக்கொண்ட ஒரு விடையோடுதான் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன மாதம் வந்தாள். இயற்பியல், இரண்டாம் வருஷம். எனக்குக் கணக்கு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், அதற்குப் பிறகு சர்க்கார் ஆபீஸில் போட்டதெல்லாம் கூட்டலும் கழித்தலும்தான். இருந்தாலும் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனசில்லை.

ஒரே சீராகச் சுழலும் ஒரு பொருள். அதன் திசைவேகத்துக்குக் கர்ல் காண வேண்டும். அணிக்கோவை போட்டு ஆறு வரியில் விடை இருந்தது: கோணத் திசைவேகத்தைப் போல இரண்டு மடங்கு.

"விடைதான் இருக்கே, என்னம்மா சந்தேகம்?" என்றேன்.

"அந்த ரெண்டு எங்கேயிருந்து தாத்தா வந்துச்சு?"

இதுதான் கேள்வி. ஆறு வரியிலும் இதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. தரையில் சுற்றுகிற சங்குசக்கரத்தை நினைத்துக்கொள் என்றேன். நடுவிலிருந்து ஓர் ஆரம் தள்ளி ஒரு வட்டம் போடு. அந்த வட்டத்தில் இருக்கும் புள்ளி என்ன வேகத்தில் ஓடுகிறது? ஆரம் பெருக்கல் கோண வேகம் என்றாள். சுற்றி வர எவ்வளவு தூரம்? இரண்டு பை ஆர். இரண்டையும் பெருக்கு, அதுதான் அந்த வட்டத்தைச் சுற்றிய மொத்தச் சுழற்சி. அதை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் சதுர அலகுக்கு எவ்வளவு சுழற்சி என்று வரும், அதற்குத்தான் கர்ல் என்று பெயர். சிலேட்டில் போட்டாள். மேலே இரண்டு பை ஆர் ஸ்கொயர், கூடவே கோண வேகம். கீழே பை ஆர் ஸ்கொயர். "பை போச்சு, ஆர் ஸ்கொயர் போச்சு, ரெண்டு மட்டும் நின்னுபோச்சு!" என்று சிரித்தாள். நான் மூன்று கேள்வி கேட்டேன், கணக்கைப் போட்டது அவள்.

இடையில் ஒன்று. ஆங்கிலத்தில் கர்ல் என்றால் பிள்ளைகளுக்குச் சுருட்டை முடிதான் ஞாபகம் வருகிறது. பிரெஞ்சுப் புத்தகங்களில் இதை ரொத்தாசியொனெல் என்பார்கள், சுருக்கமாக ரொத் என்று எழுதுவார்கள். சுழற்சி என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். தமிழில் சுழற்சி என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் கர்ல் என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

டைவர்ஜென்ஸுக்குப் பூச்சட்டி. புஸ்வாணம் என்பதும் அதுதான். அதைச் சுற்றி மனதில் ஒரு பெட்டி கட்டுங்கள். பெட்டிச் சுவர்களைத் தாண்டி வெளியே போகிற பொறி எல்லாம் உள்ளே பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். காஸ் தேற்றம் சொல்வது இவ்வளவுதான். அவள் நோட்டில் அடுத்த கணக்கு, எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று கூறுகள் கொண்ட புலம், ஆரம் ஏ உள்ள கோளம், வெளியே போகும் பாயம் எவ்வளவு என்பது. டைவர்ஜென்ஸ் மூன்று. கோளத்தின் கன அளவால் பெருக்கினால் நான்கு பை ஏ கியூப். அவளே வேறு வழியிலும் பார்த்தாள். கோளத்தின் மேல் எந்த இடத்திலும் அம்பின் நீளம் ஏ, நேராக வெளியே பார்க்கிறது. பரப்பு நான்கு பை ஏ ஸ்கொயர். பெருக்கினால் அதே விடை. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றதும் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ராமானுஜன் கதையில் எல்லோரும் ஹார்டியைச் சொல்வார்கள். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார், ஹார்டி பதில் போட்டார், மற்றதெல்லாம் சரித்திரம். எனக்கு, நானும் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதாலோ என்னவோ, அதற்கு முந்தைய ஆள்தான் முக்கியம். அதே துறைமுக ஆபீஸில் ராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். ஆபீஸ் முடிந்து இரவில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்காருவார்கள். ராமானுஜன் படிகளைத் தாண்டித் தாண்டிப் போவார். மற்றவர்களுக்கும் விளங்கும்படி படிகளை எழுது என்று வற்புறுத்தியவர் இவர். ராமானுஜன் சிறுவயதில் படித்த கார் என்பவரின் தொகுப்பு நூலும் நிரூபணம் அதிகம் இல்லாமல் விடைகளை அடுக்கிவைத்த புத்தகம்தான். மேதைக்கே பக்கத்தில் உட்கார்ந்து "இது எப்படி வந்தது?" என்று கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

வெக்டர் கால்குலஸ் பாடத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். கிரீன் தேற்றம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்த ஜார்ஜ் கிரீன் இங்கிலாந்தில் நாட்டிங்காமில் காற்றாலை மாவு மில் நடத்தியவர். பள்ளிக்கூடம் போனது ஒரு வருஷம் சொச்சம். பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் எழுத்தைப் படித்துத் தானே கற்றுக்கொண்டார். 1828இல் தன் ஆராய்ச்சியைச் சந்தா சேர்த்து அச்சிட்டார். வாங்கியவர்கள் 51 பேர், அவர்களில் பெரும்பாலோருக்கு அது புரிந்திருக்க வழியில்லை. பிரோம்ஹெட் என்ற ஒருவர் மட்டும் ஆளைத் தேடி எழுதி, ஊக்கப்படுத்தி, கேம்பிரிட்ஜ் வரை தள்ளிவிட்டார். கிரீன் அங்கே மாணவராகச் சேர்ந்தபோது வயது 40.

நம் ஊர்க் கதையும் இதே மாதிரிதான். 1923இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனது தீப்பெட்டி வாங்கி வரவா? செய்முறையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இன்றைக்குச் சிவகாசி என்றால் நாடு முழுக்கத் தெரிகிறது.

"யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, நமக்கெதற்கு இந்த வேலை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்தக் காலத்தில் கல்லூரிக்கென்று தமிழில் போட்ட இயற்பியல், கணித நூல்களும் இன்று மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசி சொல்லும் விடையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதில் ஒன்றும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டதற்கு மேல் அது எதையும் தோண்டுவதில்லை. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? எங்கள் பள்ளியில் வாத்தியார் "ஓ தாப்லோ" என்பார், கரும்பலகைக்கு வா என்று அர்த்தம். எழுந்து போய் எல்லோர் முன்னாலும் நாமே சொல்லி நாமே போட வேண்டும். சிக்கிக்கொள்கிற இடம் நமக்கே தெரிந்துவிடும். வாத்தியார் அந்த இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்வார்.

அதைத்தான் கேட்கிறேன். வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளையிடம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், கணக்கை வாய்விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பாதிப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வரும்போது "ஓ, இதுவா!" என்று தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் பக்கம் ஓய்வுபெற்ற இயற்பியல், கணித ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. சிலேட்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.