சாக்கன் பக்கம்தான், அதனால்?

புனே கோர்படியில் இருப்பவர்கள் டோமினார் பைக்கோ கேடிஎம்மோதான் வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சாக்கனில் தயாராவதால் பாகங்கள் உடனே கிடைக்குமாம். நண்பரே, டூரிங் வண்டி மக்கர் செய்வது வீட்டு வாசலில் அல்ல, ஹூப்ளி தாண்டி, ஞாயிற்றுக்கிழமை மதியம். அங்கே மெக்கானிக் கிடைப்பாரா என்பதே கேள்வி. பெங்களூரு வழியாக ஊருக்குப் போனால் டிவிஎஸ்ஸின் ஓசூர் வந்துவிடும். உங்கள் கணக்குப்படி அங்கே வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டுமோ!

அடுத்து குதிரைத்திறன். டோமினார் 400-க்கு 40, ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-க்கு 47. இந்த 7 மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது. ஒற்றை சிலிண்டரில் 100 கி.மீ. வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். இரட்டை சிலிண்டரில் அந்த அதிர்வு குறைவு. ஆனால் 200 கிலோ தாண்டிய அந்த வண்டியைக் கோர்படி ரயில்வே கேட் நெரிசலில் காலால் தள்ளிப் பாருங்கள். உச்ச வேகப் பெருமைக்கும் இடமில்லை. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியே கிடையாது.

பின்சீட்டைப் பற்றி மட்டும் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஷோரூமுக்கு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப்போங்கள், அவர் சொல்வார்.