வெயிலில் மறைந்து இருட்டில் மீள்வது

மணக்கடவில் ஆழியாற்று நீர் அளக்கப்படுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் எல்லை கடந்து பாலக்காட்டின் சித்தூர்ப்புழைக்குச் சென்றாக வேண்டும். குறைந்தால் குரல் எழும். இடுக்கியிலோ திசை வேறு: தேக்கடி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தேனிப் பக்கம் இறங்குகிறது. ஈரிடத்திலும் வழக்கு நீரின் தரத்தைப் பற்றியதன்று. நீருக்குள் என்ன கரைந்திருக்கிறது என்ற கேள்வி எளிதில் எழுவதில்லை.

ஊர்க் கழிவுநீரில் மனிதரும் கால்நடைகளும் வெளியேற்றும் ஹார்மோன்களும் கருத்தடை மாத்திரைகளின் எச்சங்களும் கலந்தே வருகின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சோதனை ஏரியில் 2001 முதல் 2003 வரை எத்தினைல் எஸ்ட்ராடயோலை லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் கலந்தனர். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் உருவாயிற்று. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன் அவ்வேரியில் ஏறத்தாழ அற்றே போயிற்று.

நம் வெயிலுக்கு எதுவும் தாங்காது என்பது வழக்கமான ஆறுதல். அதில் பாதி உண்மை. எஸ்ட்ரோன் போன்றவை ஒளியில் மாறி ஓரளவு வீரியம் குறைகின்றன. மறுபாதியை 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு கலைத்துவிட்டது. அமெரிக்க இறைச்சி மாடுகளுக்குத் தரப்படும் டிரென்போலோனின் வளர்சிதைப் பொருள்கள் வெயில் பட்டதும் விரைவில் மறைகின்றன. உண்மையில் நிகழ்வது, அவற்றோடு ஒரு நீர் மூலக்கூறு சேர்வது மட்டுமே. இருட்டில் அது கழன்றுகொள்ள, பழைய ஹார்மோன் மீண்டும் தலைகாட்டுகிறது. நீர் வெதுவெதுப்பானால் மீட்சியும் விரைவு. டிரென்போலோன் நம் தொழுவங்களின் மருந்தன்று என்று ஒதுக்கலாம். ஆனால் அவ்வாய்வில் இதே குணத்தைக் காட்டிய டயனோஜெஸ்ட் நம் மருந்துக்கடைகளில் விற்கப்படுவது.

ஆய்வேடுகளில் 'நீக்கம்', 'சிதைவு' என்னும் சொற்கள் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குகின்றன. கருவியின் வரைபடத்தில் ஒரு முகடு மறைந்தால் பொருளே அழிந்ததாக எழுதிவிடுகிறார்கள். இது சொற்குற்றம் மட்டுமன்று. முடிவையே பிழையாக்கும் குற்றம். தேக்கடிச் சுரங்கத்துக்குள் வெயில் இல்லை. மழைக்காலக் கலங்கல் நீரின் அடியிலும் இல்லை. மீனுக்கு இரவும் உண்டு. நண்பகல் மாதிரிக்கு அது தெரியாது.

2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வகுத்த வரம்புகள் அமிலகாரநிலை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திண்மத்துகள்கள், மலக் கோலிஃபார்ம் ஆகியவற்றோடு நின்றுவிட்டன. ஹார்மோனுக்கும் வரம்பு வேண்டும். அது வர நாளாகலாம். பாரதப்புழையிலும் பெரியாற்றிலும் ஆய்வு செய்யும் மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நண்பகலில் நின்ற அதே துறையில் விடியலுக்கு முன்னும் ஒரு குப்பியை நிரப்பலாம். இன்னொரு குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்காமல், ஆற்றின் வெப்பநிலையிலேயே சில நாள் இருட்டில் வைத்து, பிறகு அளக்கலாம்.