கேமரா இருக்கு... பதிவு இருக்கா?



நம் அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் இன்று மளிகைக் கடையாகட்டும், மருந்துக் கடையாகட்டும், வாசலில் ஒரு கேமரா முறைத்துக்கொண்டு நிற்கிறது. லீவு நாட்களில் சொந்தக்கார அண்ணன் ஒருவரோடு நானும் கேமரா மாட்டப் போகிறேன். வயர் இழுப்பது, ஏணி பிடிப்பதுதான் என் இலாகா. (மேலே ஏற இன்னும் விடவில்லை!)

போகிற இடமெல்லாம் கேள்வி இரண்டுதான். "எத்தனை மெகாபிக்சல் தம்பி? போன்ல தெரியுமா?" "எத்தனை நாள் பதிவு நிக்கும்?" என்று கேட்டவர் இதுவரை ஒரே ஒரு அண்ணாச்சி. அவர் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அந்த ஊர்க்காரர் கேட்காமல் யார் கேட்பார்?

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் இறந்துபோனார்கள். விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்கு எழுதிய அறிக்கையைக் கவனியுங்கள். நிலையத்தில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்தது. அந்த இரவின் படம் இல்லை! அதே ஆண்டு டிசம்பர் 2-ல், வேறொரு வழக்கில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் 1 வருடமாவது வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

கடைக்கு அவ்வளவு வேண்டாம். ஆனாலும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது நாம்தானே? கேமரா ஒன்றுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் என்றால், 4 கேமராவுக்கு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட். நாளுக்கு 86,400 விநாடி. ஆக 86 ஜி.பி. சொச்சம். 1 டி.பி. டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழசின் மேல் புதுசு ஏறும். 15 நாள் கழித்துத் திருட்டைக் கண்டுபிடிக்கிறவர் என்ன செய்வார்?

அடுத்தது பாஸ்வேர்டு. கம்பெனி போட்டு அனுப்பியதையே விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் அப்படிப்பட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும்தான் உலகெங்கும் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவேயில்லை. யாரோ மாற்றாமல் விட்ட 'அட்மின்' செய்த வேலை!

"மாத்தினா மறந்துட்டு நம்மளத்தான்டா கூப்பிடுவாங்க" என்பார் அண்ணன். கூப்பிடட்டுமே! கடை அவருடையது, சாவி மட்டும் ஊருக்கே பொதுவா? மாற்றாமல் வந்தால் தப்பு கடைக்காரர் மேல் இல்லை, ஸ்க்ரூ முடுக்கிய நம் மேல்தான் என்பது என் கட்சி.

அண்ணாச்சி கடையில் 2 டி.பி. போட்டோம். பாஸ்வேர்டை அவரே மாற்றினார். மறக்காமலிருக்கக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். நிமிர்ந்து பார்த்தால், கல்லா கேமரா நேராக அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுபடி ஏணியைப் பிடித்தேன்.