பந்தாட்டக்காரன் கூலி மிகையா?

"பந்தை உதைப்பவனுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்; பாடுபடுபவனுக்கோ 2025-ல் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மாதம் 1,700 வெள்ளிதான்!" என்று கெலாங் பாத்தாக் காப்பிக்கடைகளில் சிலர் குமுறுகின்றனர். குமுறல் நியாயமே, குற்றஞ்சாட்டும் இடமே தவறு.

அண்மையில், இஸ்கந்தர் புத்ரியில் 2020-ல் திறந்த சுல்தான் இப்ராகிம் விளையாட்டரங்கின் பகட்டைக் கண்டு, ஆட்டக்காரர் யாவரும் செல்வர் என்றெண்ணுதல் பேதைமை. பேசிய சம்பளமே கிடைக்காதார் பலர். சம்பளப் பாக்கியால் கெடா ஆட்டக்குழு புள்ளிகளை இழந்ததை மறந்தனரோ?

இங்கிலாந்தில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. இறுதியில் அது வாரம் 20 பவுண்டு. அதனால் எந்தச் சுரங்கத் தொழிலாளிக்குக் கூலி உயர்ந்தது? ஆட்டத்தால் திரண்ட காசு குழுக்களிடமே தங்கிற்று. 1961-ல் அவ்வரம்பை ஒழித்தது எவர் கருணையுமன்று. வேலைநிறுத்தம் செய்வோமென்று உறுதியாய் நின்ற ஆட்டக்காரர் தொழிற்சங்கமே.

தோழர்களே! ஆட்டக்காரனும் உழைப்பாளியே. கால் முறிந்தால் அவன் பிழைப்பும் முறியும். அவன் கூலியைக் குறைத்தால் அவ்வெள்ளி தோட்டத்து லயத்துக்கு வந்து சேராது. அவனைப் பார்த்துப் பொறாமை கொள்வதை விடுத்து, அவனைப்போல் ஒன்றுகூடிக் கேட்கக் கற்போம்.