சேற்றில் எழுதப்பட்ட நெய்தல்

கனடாவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் குடியேறிய தமிழர்களைத் திகைக்க வைக்கும் காட்சி ஒன்று உண்டு. வசந்தத்தின் முடிவில் இடியும் மழையும் ஓய்ந்த மறுநாள், ஏரிக்கரையோரம் மஞ்சள் பொடி ஏடு கட்டி மிதக்கும். யாரோ கந்தகத்தைக் கொட்டிவிட்டார்களோ என்றே முதலில் தோன்றும். அது பைன் மரங்களின் பூந்தாது. பூச்சியை நம்பாமல் காற்றை நம்பும் மரங்கள் அவை. கோடிக்கணக்கில் தூவினால்தான் ஏதோ சில உரிய இடம் சேரும். பைன் தாதின் ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு காற்றுப்பைகள் இருப்பதால் நீரில் விழுந்தும் அது உடனே மூழ்குவதில்லை. காற்று உதிர்க்கிறது, மழை வானத்தைக் கழுவி இறக்குகிறது, அலை கரையில் ஒதுக்குகிறது.

நம் நெய்தல் பாடல்களிலும் தாது உதிர்கிறது. ஆனால் அங்கே உதிர்ப்பது புன்னை; அது பூச்சிகளை அழைக்கும் மரம், நீரை மூடுமளவு பொடி தூவும் ஊதாரித்தனம் அதற்கில்லை. காற்றை நம்பும் சவுக்கோ நம் கரைக்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளி.

எண்ணூர் முகத்துவாரத்தில் புயலுக்குப் பின் மிதந்தது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரத்தை அடைந்தது. குழாய்க் கசிவு ஏதுமில்லை என்று நிறுவனம் முதலில் சொன்னது. வளாகத்தின் மழைநீர் மேலாண்மையில் குறை இருந்ததென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகுகள் பிசுபிசுத்தன. மீனவர்கள் வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள். 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியபோதும் வாளிதான் நம் தொழில்நுட்பம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

நீர்மேல் மிதக்கும் ஏடு எதுவென்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. குச்சியால் கலைத்தால், இரும்புச்சத்தில் வாழும் நுண்ணுயிர்களின் பளபளப்பு சில்லுசில்லாக உடையும். எண்ணெய் மீண்டும் கூடிக்கொள்ளும். முகத்துவாரத்து மக்களுக்குக் குச்சி தேவைப்பட்டிருக்காது. நாற்றமே போதும்.

மிதப்பதைப் படமெடுக்கிறோம், செய்தியாக்குகிறோம். சில வாரங்களில் மறந்துவிடுகிறோம். நான் பேச விரும்புவது மூழ்குவதைப் பற்றி. பூந்தாதின் புறவுறை இயற்கையின் மிக உறுதியான பொருள்களில் ஒன்று. காற்றுப் புகாத சேற்றில் அது பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது கிடக்கும். ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் 1916-இல் இந்தத் துகள்களை எண்ணியே பழைய காடுகளின் வரலாற்றை வாசிக்கலாம் எனக் காட்டினார். நம்மிடையேயும் அப்படியொருவர் இருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய கணபதி தணிகைமோனி, அலையாத்திக் காடுகளின் தாதுகளை ஆராய்ந்தவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் அமெரிக்கன் விமானத்தில் அவரும் கொல்லப்பட்டார். எத்தனையோ சில்லறை ஆளுமைகளுக்கு நினைவுமலர் போடும் நம் சிற்றிதழ் உலகம் அவரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது?

எண்ணூரின் சேற்றிலும் கண்டலின் தாது இருக்கும். அதற்குமேல் இன்னொரு படிவும் இருக்கும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குச் செல்லும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பற்குழம்பு கொட்டியதை ஊரே அறியும். நிலக்கரிச் சாம்பலின் துகள்களில் பெரும்பாலானவை உருண்டையான கண்ணாடி மணிகள். நுண்ணோக்கியில் பார்த்தால் பூந்தாதோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. உலகின் பல ஏரிகளில், எரிபொருளிலிருந்து பிறக்கும் இத்தகைய நுண்ணுருண்டைகளை வைத்தே சேற்றடுக்கின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தச் சாம்பல் மாசைச் சீர்செய்ய உத்தரவிட்டது. சாம்பலை அகற்றத்தான் வேண்டும். ஆறு தூர்ந்து போனதால் படகு தட்டுகிறது. ஆய்வு முடியட்டும் என்று மீனவர்களைக் காக்கவைப்பது அநியாயம். ஆயினும் வாருவதற்கு முன், பல இடங்களில் குழாய்களைச் சேற்றில் இறக்கி அடுக்குக் கலையாமல் மாதிரிகள் எடுத்து, ஒரு பொது நிறுவனத்தில் பாதுகாக்கவேண்டும் என்பது என் கட்சி. சில நாள் வேலை. மறுப்பறிக்கை விடத்தெரியாத சாட்சி அது ஒன்றுதான். தோண்டிக் கலைத்துவிட்டால் எந்த அடுக்கு எவருடையது என்று பிறகு எவரும் நிறுவ முடியாது. இதில் நுட்பமான எச்சரிக்கையும் உண்டு. தாதைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் மணலைக் கரைப்பதுபோலவே சாம்பலின் கண்ணாடி மணிகளையும் கரைத்துவிடும். ஒரே மாதிரியைப் பகுத்து இருமுறை வாசிக்கவேண்டும்.

இலக்கியவாதிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். திணை, நிலம் என்று இடையறாது பேசுகிறவர்கள் நாம்தான். ராயபுரத்திலிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கும் நெய்தலைப் பற்றி நம் பட்டியலில் இன்னும் புன்னையும் கொக்கும் மட்டுமே இருந்தால், அது இலக்கியமன்று, அருங்காட்சியகம்.

குழாயை எங்கே இறக்குவது என்று முடிவுசெய்ய வரைபடம் மட்டும் போதாது. இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கே சாம்பல் முடிந்து சேறு தொடங்குகிறது என்பதை அவர்கள் விரல்கள் அறியும். முதலில் அவர்களைக் கேட்கவேண்டும். அதற்குரிய கூலியையும் கொடுக்கவேண்டும்.